வித்துராவில் கொத்துமல்லி

பொன்முடி மலைப்பாதையின் அடிவாரத்தில் இருக்கிறது வித்துரா. மிளகும் வாழையும் மரவள்ளியும் கேட்காமலே வளரும் ஊர். ஆனால் ரசத்தில் கிள்ளிப் போட ஒரு பிடி கொத்துமல்லி மட்டும் இங்கே வர மாட்டேன் என்கிறது. இங்குள்ள தமிழ் வீடுகளில் இது தீராத குறை.

மண்ணைக் குறை சொல்லிப் பயனில்லை. செடியின் பிறப்பு அப்படி. கொத்துமல்லியை நம் சொந்தச் செடி என்றே எண்ணிவிட்டோம். காரட், சீரகம், சோம்பு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த அதற்கு மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையோரமே தாயகம் என்பர். எகிப்திய மன்னர் துட்டன்காமனின் கல்லறையிலும் மல்லி விதை கிடைத்திருக்கிறது. குளிரில் தழைத்து, வெயில் ஏறியதும் பூத்துக் காய்த்து மடிவது அதன் வழக்கம். விளாத்திகுளம், கோவில்பட்டிக் கரிசலில் வடகிழக்குப் பருவமழையின்போது விதைத்து, பிறகு மண்ணில் தங்கிய ஈரத்தைக் கொண்டே விளைவிக்கிறார்கள். அங்கே அதற்குத் தாய்வீட்டுச் சுகம். வித்துராவிலோ இரு பருவமழையும் கொட்டுகின்றன. ஜூனில் விதைத்தால் நாற்று அழுகும். மார்ச்சில் விதைத்தால் நாலு இலை விடுமுன் பூத்துவிடும்.

ஆகவே டிசம்பர் கடைசியில், மழை ஓய்ந்ததும் விதைப்பதே நல்லது. மளிகைக் கடைத் தனியாவே போதும், பழசாக இருக்கலாகாது. ஒவ்வொரு மணியிலும் இரண்டு விதை உண்டு. லேசாகத் தேய்த்துப் பிளந்து, ஓர் இரவு ஊற வையுங்கள். மண்ணின் புளிப்புக்குக் கொஞ்சம் சுண்ணாம்பு, நீர் வடிய மணல். முளைக்க 10 முதல் 15 நாள் ஆகும். அதற்குள் பொறுமை இழந்து கிளறிப் பார்க்காதீர்கள். அப்படிக் கெடுத்தவன் சொல்கிறேன். ஆணிவேர்ச் செடியாதலால் பிடுங்கி நடவும் கூடாது. சுமார் 40 நாளில் தழை பறிக்கலாம்.

சரி, மழை மாதங்களுக்கு? கேரளத்து வீட்டுக் கொல்லைகளில் வளரும் ஆப்பிரிக்க மல்லியைக் கேட்டு வாங்குங்கள். பெயர்தான் ஆப்பிரிக்கா, பிறப்பு வெப்ப அமெரிக்க நாடுகள். குடும்பம் அதே காரட் குடும்பம். நீண்ட இலை, விளிம்பில் முட்பற்கள். நிழலும் ஈரமும் அதற்குப் பிடிக்கும். பூத்தண்டைக் கிள்ளிவிட்டால் இலை வந்துகொண்டே இருக்கும். வாசனை கொத்துமல்லியைவிடத் தூக்கல், கொதித்தாலும் போகாது. சட்னிக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ரசத்துக்கு ஓர் இலை போதும். இரண்டு போட்டால் சாப்பிடுகிறவர்கள் கேள்வி கேட்பார்கள்.