காருக்கு என்ன விலை?

(மூன்றாம் ஆண்டு, பி.ஏ. பொருளியல்)

‘யானையைக் கட்டித் தீனி போட்டாற்போல’ என்பது நம் நாட்டில் வழங்கும் பேச்சு. யானையை வாங்குவது பெரிதன்று; வாங்கிய யானைக்கு நாள்தோறும் தீனி போடுவதே பெரிது என்பது இதன் பொருள். இக்காலத்தில் யானை கட்டுவோர் அரிது. ஆனால், பழைய கார் வாங்குவோர் தெருவுக்கு நால்வர் இருக்கின்றனர். யானைக்குச் சொன்னது காருக்கும் பொருந்தும் என்பதை எங்கள் குடும்பம் 1,60,000 ரூபாய் செலவழித்துக் கற்றுக்கொண்டது. அந்தப் பாடத்தை நண்பர்களுக்குச் செலவின்றிச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலைமேல் ஒரு வீடு

எங்கள் ஊர் ஏலகிரி மலைமேல் உள்ள அத்தனாவூர். அடிவாரத்துப் பொன்னேரியிலிருந்து ஏறும் மலைச் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அவற்றுக்குத் தமிழ்ப் புலவர்கள் பெயரையும் கடையெழு வள்ளல்கள் பெயரையும் சூட்டியிருக்கிறார்கள். என் ஆயாவுக்கு இருதய நோய். மாதம் இருமுறை திருப்பத்தூருக்கு அழைத்துச் சென்று மருத்துவரிடம் காட்ட வேண்டும். பேருந்தில் நின்றுகொண்டு அந்த வளைவுகளில் இறங்கி ஏறுவது அவருக்கு முடியவில்லை. எனவே, ஒரு பழைய கார் வாங்குவதென்று அப்பா முடிவு செய்தார்.

அப்பா ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் ரகம் பிரிப்பவர். 22 ஆண்டுகளாக அதே வேலை. ஒரு தோல் கைக்கு வந்தால் முதலில் மேற்புறத்தில் கீறலும் தழும்பும் பார்ப்பார். பிறகு புரட்டி உட்புறத்தில் கத்திக் காயம் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். குறையுள்ள தோலுக்குத்தான் வண்ணப் பூச்சைக் கனமாகப் போட்டு மறைப்பார்கள் என்பது அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம்.

அப்படிப்பட்டவர், தரகர் கொண்டுவந்து நிறுத்திய காரைச் சுற்றி வந்து, மினுமினுக்கும் பூச்சையும் புதிய இருக்கை உறையையும் பார்த்து 1,45,000 ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டார். அந்த வண்டியின் பெயர் இங்கே வேண்டாம். அதன் உற்பத்தி எப்போதோ நின்றுவிட்டது என்பது மட்டும் போதும். நான்கு சக்கரங்களின் அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, வீட்டுக்கு ஓட்டி வந்தோம்.

மூன்றாம் மாதம். மருத்துவரிடம் காட்டிவிட்டு ஆயாவுடன் திரும்பிக்கொண்டிருந்தோம். பாதி மலை ஏறியதும் வெப்பமானியின் முள் சிவப்பைத் தொட்டது. பாரி வளைவில் முன்மூடியின் இடுக்கிலிருந்து ஆவி கிளம்ப, வண்டி நின்றுவிட்டது. முல்லைக்குத் தேர் ஈந்த பாரி தேரை விட்டுவிட்டு நடந்தே போயிருப்பான். நாங்களும் அங்கேயே எங்கள் தேரை விட்டோம். இருட்டும் குளிரும் சேர்ந்துவிட்டன. முக்கால் மணி நேரம் கழித்து வந்த ஒரு ஜீப்பில் இடம் கேட்டு ஏறியபோது ஆயா சொன்னார்: “பஸ்ஸுல வந்திருந்தா இந்நேரம் கஞ்சி குடிச்சுட்டுப் படுத்திருப்பேன்டா.”

மறுநாள் ஜோலார்பேட்டையிலிருந்து வந்த மெக்கானிக் திறந்து பார்த்துவிட்டு, “ஹெட் கேஸ்கட் போயிடுச்சுண்ணே. இதுக்குச் சாமான் இங்க கெடைக்காது, பெங்களூர்லேர்ந்து வரணும்” என்றார். வருவதற்கு மூன்று வாரம் ஆயிற்று.

எலுமிச்சைச் சந்தை

அமெரிக்கர்கள் ஓயாமல் தொல்லை தரும் காரை ‘எலுமிச்சம்பழம்’ என்கிறார்கள். நாம் சக்கரத்துக்குக் கீழே வைப்பதை அவர்கள் வண்டிக்கே பெயராக வைத்துவிட்டார்கள்! ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற பொருளியல் அறிஞர் 1970ஆம் ஆண்டில் ‘எலுமிச்சைகளின் சந்தை’ என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார். 2001ஆம் ஆண்டில் மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருடன் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் இவர்.

அவர் கூறியதைச் சுருக்கமாகச் சொல்லலாம். சந்தையில் நல்ல பழைய கார் 2 லட்சம் பெறும். மோசமான கார் 1 லட்சம் பெறும் என்று வைத்துக்கொள்வோம். எது நல்லது, எது மோசம் என்பது விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே அவர் நடுவாக ஒன்றரை லட்சம் தருவதாகச் சொல்கிறார். நல்ல காரை வைத்திருப்பவர், ‘இந்த விலைக்கு நானே வைத்துக்கொள்கிறேன்’ என்று விலகிவிடுகிறார். மோசமான காரை வைத்திருப்பவரோ மகிழ்ச்சியோடு முன்வருகிறார். முடிவில் சந்தையில் மிஞ்சுவது மோசமான சரக்கே.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? விற்பவருக்குத் தெரிந்ததை நாமும் தெரிந்துகொள்ளும் வரையில் மலிவு என்பது மலிவன்று. மினுக்கத்தைப் பார்ப்பதை விட்டு, புரட்டிப் பார்க்க வேண்டும்.

கணக்குப் பார்ப்போம்

காருக்கு இரண்டு விலைகள் உண்டு. ஒன்று, வாங்கும்போது ஒரே ஒருமுறை கொடுப்பது. மற்றொன்று, வைத்திருக்கும் நாளெல்லாம் கொடுப்பது. எங்கள் வீட்டு நோட்டுப் புத்தகத்திலிருந்து 14 மாதக் கணக்கைத் தருகிறேன்.

ரேடியேட்டரும் தண்ணீர்ப் பம்பும் 11,500 ரூபாய், ஹெட் கேஸ்கட்டும் அதைச் சார்ந்த வேலையும் 24,000, கிளட்ச் 9,500, நான்கு டயர்கள் 16,000, காப்பீடு 7,500, பழுதான வண்டியை இழுத்துச் சென்ற கூலி 6,500. ஆக மொத்தம் 75,000 ரூபாய். இறுதியில் வண்டியை விற்றபோது கிடைத்தது 60,000. வாங்கிய விலையில் 85,000 போயிற்று. இரண்டையும் கூட்டினால் 1,60,000 ரூபாய். அத்தனை மாதங்களில் அது ஓடியதோ 4,000 கிலோமீட்டர்தான். பெட்ரோலைச் சேர்க்காமலேயே கிலோமீட்டருக்கு 40 ரூபாய்! ஆயாவை அழைத்துச் செல்ல வேண்டிய நாள்களில் மட்டும் வாடகைக் கார் வைத்திருந்தால் இதில் பாதிகூட ஆகியிருக்காது.

இந்த நோட்டில் எழுதாத ஒரு செலவும் உண்டு. அந்த 75,000 ரூபாயில் பெரும்பகுதி அக்கா பி.எட். சேர்வதற்காக எடுத்து வைத்திருந்த பணம். அவர் படிப்பு ஓராண்டு தள்ளிப்போயிற்று. அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அப்பாவுக்கு அதுதான் பெரிய தண்டனையாக இருந்தது.

உதிரிப் பாகமே உயிர்

ஒரு காரின் வாழ்வு அதன் என்ஜினில் மட்டும் இல்லை. அடுத்த ஊர்க் கடையில் கிடைக்கும் உதிரிப் பாகத்திலும் இருக்கிறது. அம்பாசடர் கார் இதற்கு நல்ல சான்று. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரைத் தழுவி 1950களின் இறுதியில் வரத் தொடங்கி 2014 வரை உற்பத்தியானது. கனமான வண்டி; எரிபொருளும் அதிகம் குடிக்கும். ஆயினும் எந்தச் சிற்றூரிலும் அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர் இருந்தார், பாகமும் கிடைத்தது. 1983இல் வந்த மாருதி 800க்கும் அந்தப் பேறு வாய்த்தது.

மறுபுறம், நம் சென்னையின் ஸ்டாண்டர்டு நிறுவனம் 1985இல் ‘ஸ்டாண்டர்டு 2000’ என்ற ஆடம்பரக் காரைக் கொண்டுவந்தது. உடல் பிரிட்டனின் ரோவர் காருடையது. உள்ளே இருந்த என்ஜினோ பழைய காலத்தது. விலை அதிகம்; எரிபொருள் செலவும் அதிகம். 1988இல் உற்பத்தி நின்றுவிட்டது. வெளியழகை நம்பி வாங்கியவர்கள் கையில், உற்பத்தி நின்றுபோன வண்டி மிஞ்சியது.

அண்மைக் காலத்திலும் செவர்லே கார்களின் விற்பனை 2017இல் இந்தியாவில் நின்றது. ஃபோர்டு நிறுவனம் 2021இல் தன் முடிவை அறிவித்து, மறைமலைநகரில் கார் உற்பத்தியை 2022இல் நிறுத்தியது. டாட்சனும் 2022இல் விடைபெற்றது. இவையெல்லாம் மோசமான வண்டிகள் என்று நான் சொல்லவில்லை. ஆனால், வாங்குமுன் நம் ஊர் மெக்கானிக்கிடம் போய், ‘இந்த வண்டிக்குக் கிளட்ச் தட்டு எத்தனை நாளில் வரும்?’ என்று ஒரு கேள்வி கேட்பது நல்லது. ‘நாளைக்கே’ என்றால் வாங்கலாம். ‘பார்க்கலாம்’ என்றால் நாமும் பார்க்கலாம் என்று திரும்பிவிட வேண்டும்.

புரட்டிப் பார்க்கும் முறை

முதலாவதாக, என்ஜின் ஆறியிருக்கும்போது போக வேண்டும். முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் கிளப்புவதில் உள்ள குறை தெரியாது. நீலப் புகை வந்தால் என்ஜின் எண்ணெயை எரிக்கிறது. கரும்புகை வந்தால் எரிபொருள் அளவுக்கு மீறிப் போகிறது. என்ஜின் சூடான பின்னும் வெண்புகை நிற்காவிட்டால் குளிர்விக்கும் நீர் உள்ளே கசிகிறது எனலாம். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் பால் கலந்த காப்பி போல் இருந்ததா, பேச்சை அத்துடன் முடித்துக்கொள்க.

இரண்டாவதாக, டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு எண்களைப் படிக்க வேண்டும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள்.

மூன்றாவதாக, ஆர்.சி. புத்தகத்தில் எத்தனையாவது உரிமையாளர், கடன் பாக்கி உண்டா என்று காண வேண்டும். சொந்தப் பயன்பாட்டு வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்கு. அதன்பின் தகுதிச் சோதனை செய்து ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். பெங்களூர் வண்டி மலிவாகக் கிடைத்தால், அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்கி இங்கே வரி கட்டும் செலவையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

நான்காவது, எங்கள் மலை. சமவெளியில் ஒளிந்திருக்கும் குறை மலையில் ஒளிய முடியாது. ஏறும்போது என்ஜின் முழு பலத்தோடு உழைக்கிறது; வேகமோ குறைவு. ஆகவே ரேடியேட்டருக்கு முகக்காற்று குறைகிறது. அடைப்பு இருந்தால் அங்கே தெரியும். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இரைச்சல் ஏறி வண்டி ஏறாவிட்டால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது. இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஆகவே, தெரிந்த மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு பொன்னேரியிலிருந்து அத்தனாவூர் வரை ஒருமுறை ஏறி இறங்குங்கள். பதினான்கு வளைவுகளும் பதினான்கு தேர்வாளர்கள்!

முடிவாக

இப்போது எங்கள் வீட்டில் கார் இல்லை. மருத்துவமனை நாளில் வாடகைக் கார் வருகிறது. ஆயா முன் இருக்கையில் அமர்ந்து செல்கிறார். அக்கா இவ்வாண்டு பி.எட். சேர்ந்துவிட்டார். அப்பாவுடன் வேலை செய்யும் ஒருவர் சென்ற மாதம் பழைய கார் ஒன்றைப் பார்த்து வைத்துவிட்டு அவரிடம் யோசனை கேட்க வந்தார். விலை என்ன, நிறம் என்ன என்று அப்பா கேட்கவில்லை. “புரட்டிப் பார்த்தியா?” என்று மட்டும் கேட்டார்.

நண்பர்களே, படிப்பு முடித்து வேலைக்குச் சென்று நாமும் ஒரு நாள் கார் வாங்குவோம். அன்று விலையைக் கேட்குமுன் தீனியைக் கேட்போமாக!