ஆறு அங்குல வெற்றிடம்

வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளில் நீர்ப்பம்பி பூட்டுகிறவர்களுக்கு ஒரு கணக்கு மனப்பாடம். நீர்மட்டம் 25 அடிக்குக் கீழே போய்விட்டால், மேலே நின்று இழுக்கும் பம்பி எத்தனை குதிரைவலு உள்ளதாக இருந்தாலும் கையை விரித்துவிடும். பிறகு பம்பியைக் கிணற்றுக்குள் இறக்கித்தான் ஆகவேண்டும். பம்பி தண்ணீரை இழுக்கிறது என்பது பேச்சு வழக்கு. குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியேற்றுவதோடு அதன் வேலை முடிந்தது. கிணற்று நீரின் மேல் அழுத்திக்கொண்டிருக்கும் வளிமண்டலம்தான் நீரை மேலே தள்ளிவிடுகிறது. அந்தத் தள்ளலுக்கு எல்லை 34 அடி. உராய்வும் ஒழுக்கும் தின்றது போக மிஞ்சுவது 25. இத்தாலியில் தொரிசெல்லி 1643 இல் தண்ணீருக்குப் பதில் பாதரசத்தைக் குழாயில் நிறுத்திப் பார்த்தபோது அதே எல்லை 30 அங்குலமாகச் சுருங்கியது. இன்றும் வெற்றிடத்தை அளக்கும் மானிகள் பலவற்றில் பாதரச அங்குலங்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன. துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் இந்தக் கணக்கு யாருக்கும் தேவைப்படவில்லை என்பது வேறு கதை.

கிணற்றுக்குப் பதில் ஒரு கண்ணாடிச் சாடி, தண்ணீருக்குப் பதில் நொதித்து முடிந்த முந்திரிகைச் சாறு என்று வைத்துக்கொண்டால், வைன் செய்பவர்கள் பயன்படுத்தும் வெற்றிடப் பம்பியின் வேலை விளங்கிவிடும். (முந்திரிகை என்றால் யாழ்ப்பாணத்தில் திராட்சை, மற்றது மரமுந்திரிகை. கடல் கடந்து வாசிப்பவர்கள் குழம்ப வேண்டாம்.) வைன் நிறைந்த சாடியிலிருந்து ஒரு குழாய் வெறுஞ்சாடிக்குப் போகும். வெறுஞ்சாடியின் இறப்பர் அடைப்பானில் இரண்டு துளைகள்: ஒன்றில் வைன் வரும் குழாய், மற்றதில் பம்பிக்குப் போகும் குழாய். பம்பி வெறுஞ்சாடியின் காற்றை எடுக்க எடுக்க, நிறைசாடியிலிருந்து வைன் தானாக ஏறி வந்து விழும். பம்பிக்குள் ஒரு துளி வைன்கூடப் போவதில்லை. தப்பித் தவறிப் போகாதிருக்க நடுவில் ஒரு சிறு போத்தலைக் காவல் வைப்பார்கள். நிறைசாடியின் வாயில் காற்று புக வழி விடாவிட்டால் ஓட்டம் பாதியில் நின்றுவிடும். அந்த வழியில் சுத்தமான பஞ்சு கொஞ்சம் செருகினால் தூசும் பழ ஈயும் உள்ளே வராது.

இத்தனை ஆயத்தமும் எதற்கு என்றால், வைன் ஒரே சாடியில் கிடக்க முடியாது. நொதித்தல் முடிந்ததும் மதுவம் இறந்து தோலோடும் சதையோடும் அடியில் மண்டியாகப் படியும். அந்த மண்டியில் கிடந்தால் மணம் கெடும். ஆகவே தெளிந்ததை மட்டும் இரண்டு மூன்று தடவை வேறு சாடிக்கு மாற்ற வேண்டும். ஆபத்து இந்த மாற்றத்தில்தான் இருக்கிறது. நொதிக்கும்போது வைன் தன் காபனீரொட்சைட்டாலேயே தன்னைப் போர்த்திக்கொண்டிருக்கும். மாற்றும்போது அந்தப் போர்வை கலைந்து வைன் காற்றோடு கலக்கிறது. மதுசாரமும் ஒட்சிசனும் சேர்ந்தால் அசற்றிக் அமிலமாக்கும் பற்றீரியாக்கள் எங்கும் இருக்கின்றன. இந்தக் கிருமிகளின் கைவரிசையை 1860களில் பிரான்சில் லூயி பாஸ்ரர் ஆராய்ந்து காட்டினார். குடாநாட்டுக்கு அதைச் சொல்லப் பாஸ்ரர் வேண்டியதில்லை. காலையில் முட்டியிலிருந்து இறக்கிய பனங்கள்ளு மாலையில் என்ன ஆகும் என்று தவறணைக்குப் போகாதவருக்கும் தெரியும். இன்னும் சில நாள் திறந்து வைத்தால் அது வினாகிரி.

திருப்பலி வைனுக்கு இந்தக் கவலை இன்னும் கூடுதல். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 924ஆம் பிரிவு, அது திராட்சைப் பழத்திலிருந்து இயற்கையாகப் பெறப்பட்டதாகவும் கெட்டுப்போகாததாகவும் இருக்க வேண்டும் என்கிறது. புளித்து வினாகிரியானது பலிபீடத்துக்கு உதவாது. அருட்தந்தை தோமஸ் 1928 இல் தோலகட்டியில் தொடங்கிய செபமாலைத் தாசர் சபையின் பெயரைச் சொன்னால் குடாநாட்டில் பலருக்குச் செபத்தோடு நெல்லிரசமும் வைனும் சேர்ந்தே நினைவுக்கு வருவது, இந்த மண்ணில் முந்திரிகைச் சாறு கெடாமல் காப்பாற்றப்பட்டு வந்திருக்கிறது என்பதற்குச் சாட்சி.

இனி விஷயத்துக்கு வருவோம். வெற்றிடப் பம்பியைப் பரிந்துரைக்கும் வெளிநாட்டு எழுத்துகள் பெரும்பாலும் அதன் முதற்பயனாகச் சொல்வது வாயு நீக்கத்தை. நொதித்த வைனில் கரைந்து நிற்கும் காபனீரொட்சைட்டு நாக்கில் முள்ளாய்க் குத்தும், தெளிவதையும் தாமதிக்கச் செய்யும். அழுத்தத்தைக் குறைத்தால் சோடாப் போத்தலைத் திறந்ததுபோல் அது நுரைத்து வெளியேறும். கனடாவின் நிலவறையில் 15 பாகை குளிரில் கிடக்கும் வைனுக்கு இது பெரிய உதவிதான். யாழ்ப்பாணத்து வீட்டு அறையோ ஆண்டின் பெரும்பகுதி 28, 30 பாகை. திரவம் சூடேறச் சூடேற வாயுவைப் பிடித்துவைக்கும் சக்தியை இழக்கும். 20 பாகையில் ஒரு லீற்றர் நீர் ஏறத்தாழ 1.7 கிராம் காபனீரொட்சைட்டைக் கரைத்து வைத்திருக்குமென்றால், 30 பாகையில் 1.25 கிராமுக்குமேல் தாங்காது. கால் பங்குக்கு மேற்பட்ட வேலையை நம்முடைய வெயில் சம்பளமில்லாமல் செய்துவிடுகிறது. மீதியைப் பொறுமை செய்யும். ஆனால் அதே வெயில் அசற்றிக் பற்றீரியாவுக்கும் கொண்டாட்டம். எனவே பம்பியின் பயன்களைக் குடாநாட்டில் தலைகீழாக வரிசைப்படுத்த வேண்டும் என்பது என் வாதம்: வாயு நீக்கம் கடைசி, காற்றுப் படாமல் சாடி மாற்றுவதே முதல்.

வரிசை மாறினால் பம்பியின் தேவையும் மாறுகிறது என்பதுதான் இதில் சுவையான இடம். வாயுவை முழுக்க உறிஞ்ச மானி 20 அங்குலத்துக்கு மேல் போக வேண்டும். வைனை ஒரு சாடியிலிருந்து பக்கத்துச் சாடிக்கு, மூன்று அடி உயரம் ஏற்றி இறக்க மூன்று அங்குலம் போதும். குழாயின் உராய்வுக்கும் இடம் விட்டால் ஆறு. அவ்வளவுதான். இந்த வித்தியாசம் பணத்தில் மட்டும் முடிவதில்லை. 23 லீற்றர் கொள்ளும் உருண்டைச் சாடியின் வெளிப்பரப்பு ஏறத்தாழ 4000 சதுர சென்ரிமீற்றர். உள்ளே 20 அங்குல வெற்றிடம் என்றால் வெளிக்காற்று அந்தக் கண்ணாடியை எல்லாப் பக்கமும் சேர்த்து இரண்டே முக்கால் தொன் எடையோடு நெரிக்கிறது. ஆறு அங்குலமென்றால் ஒரு தொன்னுக்கும் குறைவு. உருண்டையான, தடித்த, கீறலற்ற கண்ணாடி அந்த நெருக்கத்தைச் சமமாகப் பங்கிட்டுத் தாங்கும். தட்டைப் பக்கமுள்ள சாடி தாங்காது. சாராயக் காற்போத்தலின் தட்டை வடிவம் சட்டைப்பைக்கு வசதி, வெற்றிடத்துக்கு அல்ல. கடைகளில் வரும் 19 லீற்றர் பிளாஸ்ரிக் தண்ணீர்ப் போத்தல் சப்பளிந்து மடங்கிவிடும். கண்ணாடி உள்நோக்கி நொறுங்கும்போது துண்டுகள் அங்கேயே நிற்பதில்லை, எதிர்ப்பக்கமாகப் பறக்கும். சாடியைத் தடித்த சாக்கால் சுற்றி, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு வேலை செய்வது வீண் பயமென்று யாரும் சிரிக்க வேண்டாம்.

ஆறு அங்குலம் என்றால் சாடியில் ஐந்தில் நான்கு பங்கு காற்று அப்படியே இருக்கிறதே, ஒட்சிசன் போனதாக எப்படிச் சொல்வது என்று கேட்கலாம். சரியான கேள்வி. பதில் வெற்றிடத்தின் ஆழத்தில் இல்லை, ஓட்டத்தின் திசையில் இருக்கிறது. வைன் உள்ளே வர வர, பம்பி மேலிருக்கும் காற்றை வெளியே எடுத்துக்கொண்டே இருக்கிறது. வைனிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழலும் காபனீரொட்சைட்டு அந்த இடத்தில் கலக்கிறது. சாடி கழுத்துவரை நிறைந்தபின் மேலே மிஞ்சும் வெளி ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவுகூட இல்லை. குழாயின் நுனி சாடிச் சுவரைத் தொட்டு நின்றால் வைன் கண்ணாடியில் வழிந்து சத்தமில்லாமல் இறங்கும். கோப்பையால் மொண்டு புனலில் ஊற்றும்போது எழும் நுரையும் குமிழியும் இல்லை. காற்றோடு முழுதாகக் கலந்த ஒரு லீற்றர் வைன் ஏழு எட்டு மில்லிகிராம் ஒட்சிசனைக் கரைத்துக்கொள்ளும். ஆனால் பாதி நிறைந்த சாடியின் மேல் நிற்கும் ஒரு லீற்றர் வெறுங்காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் இருக்கிறது. அதுவும் ஒரு தடவை அகப்பட்டால் நாவில் புளிப்பு தட்டாது. ருசி பார்க்க மூடியைத் திறந்து திறந்து மூடும் கைதான் வினாகிரியை வளர்க்கிறது.

இதே கணக்கு இன்னொரு நம்பிக்கையையும் உடைக்கிறது. பாதி குடித்த போத்தலின் காற்றைச் சிறு கைப்பம்பியால் இழுத்து மூடினால் வைன் நாட்கணக்கில் புதிதாக இருக்கும் என்று விற்கிறார்கள். முக்கால்வாசிக் காற்றை எடுத்தாலும் கால்வாசி ஒட்சிசன் உள்ளே நிற்கிறது, இறப்பர் வழியாக மெல்ல மெல்ல மேலும் கசிகிறது. மிஞ்சியதைச் சின்னப் போத்தலில் விளிம்புவரை ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது அதைவிட மேல். அதற்குச் செலவும் இல்லை.

மிகப் பலமான மறுப்பு எளிமையானது: பெரலிலிருந்து மண்ணெண்ணெய் இறக்குவதுபோல ஒரு குழாயைச் சரித்து விட்டால் வைன் தானே இறங்கும், பம்பி எதற்கு? ஒரு சாடி, இரண்டு சாடி செய்பவருக்கு இந்த மறுப்பு அப்படியே செல்லும். பம்பி அவருக்குத் தேவையில்லை என்றே சொல்வேன். ஆனால் குழாய் வழியே இறங்க நிறைசாடி மேலே இருக்க வேண்டும். 23 லீற்றர் வைனும் கண்ணாடியும் சேர்ந்து 30 கிலோ. அதை நிலத்திலிருந்து மேசைக்குத் தூக்கினால் வாரக்கணக்கில் படிந்த மண்டி ஒரு குலுக்கலில் எழுந்துவிடும். தூக்குபவரின் முதுகைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை. பம்பிக்கு இரண்டு சாடியும் ஒரே தரையில் இருந்தால் போதும். பத்துச் சாடி உள்ள இடத்தில் இந்த வித்தியாசம் தீர்மானமானது. குழாயை வாயால் உறிஞ்சித் தொடக்குகிறவர்கள் தம் வாய்க் கிருமியையும் சேர்த்து அனுப்புகிறார்கள் என்பதும் கணக்கில் வர வேண்டும்.

வெற்றிடம் மணத்தை உறிஞ்சிவிடும் என்ற குறையில் பாதி உண்மை. காபனீரொட்சைட்டு போகும்போது பழத்தின் மெல்லிய மணங்களும், கிருமியைத் தடுக்கச் சேர்த்த கந்தகவீரொட்சைட்டில் ஒரு பகுதியும் கூடவே போகும். மானி 28 அங்குலத்தைத் தாண்டினால் 30 பாகை அறையிலேயே வைன் கொதிக்கத் தொடங்கிவிடும். ஆனால் இதெல்லாம் ஆழமான வெற்றிடத்தில் நெடுநேரம் வைத்திருப்பதன் விளைவு. ஆறு அங்குலத்தில் பத்து நிமிடம் ஓடும் வைனுக்கு இழப்பு அற்பம். கந்தகவீரொட்சைட்டைத் தரும் பொற்றாசியம் மெற்றாபைசல்பைற்றைச் சாடி மாற்றியபின் அளந்து சேர்த்தால் அந்தக் கவலையும் இல்லை.

பழைய குளிர்சாதனப் பெட்டியின் கொம்பிரசரைக் கழற்றி வெற்றிடப் பம்பியாக்குவது எங்கும் நடக்கும் கைவேலை. உறிஞ்சும் பக்கத்தில் குழாயைப் பூட்டினால் அது வேலை செய்யும். உள்ளிருக்கும் குளிரூட்டி வாயுவை அந்தத் தொழில் தெரிந்தவர் முதலில் எடுக்க வேண்டும். புதிய பெட்டிகள் பலவற்றில் உள்ள வாயு தீப்பற்றக்கூடியது. ஓடும்போது மறுபக்கத்தால் எண்ணெய்ப் புகார் தெறிக்கும் என்பதால் அந்த வாயை வைனுக்கு எதிர்ப்பக்கம் திருப்பி வைக்க வேண்டும். உணவுக்கென்று செய்த, எண்ணெயில்லாத சிறு பம்பி இதைவிட நல்லது. கனடாவிலிருந்து வாங்கி அனுப்பும் உறவினர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அங்கே 120 வோல்ற்று, இங்கே 230. நேரே செருகினால் முதல் நாளே கதை முடிந்தது.

கடைசியாக, சட்டம். கனடாவிலும் பிரித்தானியாவிலும் சொந்தப் பாவனைக்கு வீட்டில் வைன் செய்ய இடமுண்டு. இலங்கையில் 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுசாரம் தயாரிப்பது குற்றம். ஆகவே வீட்டு வைன் என்ற சொல்லைப் புலம்பெயர்ந்தவர்கள் பழகும் பொருளில் இங்கே பழக முடியாது. குடியால் குடும்பங்கள் நொந்து கிடக்கும் ஊரில் இன்னொரு மதுக்கருவியைப் பற்றி எழுதுவது சரியா என்றும் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கசிப்புக் காய்ச்சுகிறவருக்குப் பத்து நாளில் தெளிவதைப் பற்றியோ மணத்தைப் பற்றியோ அக்கறை கிடையாது. அவருடைய கருவி அடுப்பும் பெரலும். வெற்றிடத்தில் குறைந்த சூட்டில் வடிக்கலாமே என்று யோசிப்பவருக்கு மதுவரித் திணைக்களம் பதில் சொல்லும். இந்தப் பம்பிக்கு உரிய இடம், அனுமதி பெற்ற ஆச்சிரமம் அல்லது கூட்டுறவுச் சங்கத்தின் பத்துச் சாடி உள்ள அறை. அங்கேகூட வைன் இல்லாத நாட்களில் அது சும்மா இருக்கத் தேவையில்லை. செம்மண் தோட்டங்களில் முந்திரிகை ஒரேயடியாகப் பழுத்து விலை விழும் வாரத்தில், மாரி மழைக்குப் பழம் வெடிக்கும் முன், நொதிக்காத சாற்றை வடித்துப் போத்தலில் நிரப்பவும் அதே பம்பி, அதே இரண்டு துளை அடைப்பான், அதே ஆறு அங்குலம். நெல்லிரசத்துக்கும் அப்படியே; சாற்றின் நிறம் மங்குவதும் பெரும்பாலும் ஒட்சிசனால்தான். வைனுக்கும் சாற்றுக்கும் குழாயை மட்டும் தனித்தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். வைன் ஓடிய குழாயில் மிஞ்சும் மதுவம் சாற்றுக்குள் விழுந்தால், இரண்டாம் நாள் மூடி தானே பறக்கும்.