உதட்டுக்கு ஒரு மல்லிகை மெழுகு

வைகை வறண்டால் மதுரையில் உதடும் வறளும்! சித்திரைக் காற்றில் தோல் உரிந்து, குழம்பின் காரம் பட்டாலே 'ஸ்' என்கிறது. நாக்கால் ஈரப்படுத்தினால் சுகம் ஒரு நிமிஷந்தான். எச்சில் உலரும்போது உதட்டின் ஈரத்தையும் சேர்த்துக் கொண்டு போய்விடும். மற்றத் தோலில் உள்ள எண்ணெய்ச் சுரப்பிகள் உதட்டில் அநேகமாக இல்லை. எண்ணெய்ப் பசையை நாம்தான் தர வேண்டும். பாட்டிமார் நெய் தடவினார்கள். பேத்திகள் 'லிப் பாம்' வாங்குகிறார்கள். அதை வீட்டிலேயே, மல்லிகை மணத்தோடு செய்து கொண்டால் என்ன?

பூவுக்குப் பஞ்சமா? 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி, நிலக்கோட்டை, உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கங்களிலிருந்து மாட்டுத்தாவணிச் சந்தையில் வந்து குவிகிறதே என்பீர்கள். சகோதரிகளே, இதற்கு மட்டும் சந்தைப் பூ வேண்டாம்! மொட்டுப் புழுவுக்காக வயலில் மருந்து தெளிப்பது வழக்கம். கூந்தலில் சூடும் பூ கூந்தலோடு போகும். உதட்டில் பூசியதோ காப்பியோடு வயிற்றுக்குள்ளும் போகும். பூச்சி மருந்துகளில் பல எண்ணெயில் எளிதில் கரைபவை. கழுவினாலும் முழுதும் போகாது. ஈரப் பூ எண்ணெயையும் கெடுத்துவிடும். ஆகவே மருந்தடிக்காத வீட்டுத் தொட்டிப் பூவே உத்தமம்.

பறித்த பிறகும் இரவெல்லாம் மணம் விடுவது மல்லிகையின் குணம். அடுப்பில் காய்ச்சினால் அந்த மணம் பறந்துவிடும். இதை அறிந்துதான் உத்தரப் பிரதேசத்து ஜோன்பூரில் எள்ளையும் மல்லிகை இனப் பூக்களையும் அடுக்கடுக்காகப் பரப்பி, மணம் ஏறிய எள்ளை ஆட்டி எண்ணெய் எடுத்தார்கள்.

நமக்குச் சுலப வழி இருக்கிறது. மாலையில் அவிழும் தறுவாயிலுள்ள மொட்டுக்களைப் பறித்துத் துணியில் அரை மணி உலர்த்துங்கள். உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் 100 மில்லி தேங்காய் எண்ணெய் விட்டு, ஒரு கைப்பிடி மொட்டை அமிழ்த்துங்கள். காலையில் எடுத்துவிட்டு, மாலையில் புது மொட்டுப் போடுங்கள். ஐந்து நாள் இப்படிச் செய்து, மெல்லிய துணியில் வடிகட்டி, ஒரு நாள் அசையாமல் வையுங்கள். அடியில் நீர் தங்கினால் மேலெண்ணெயை மட்டும் இறுத்துக் கொள்ளுங்கள்.

இனி மெழுகு. கடையில் மெழுகுவத்தி மெழுகைத் தந்துவிடப் போகிறார்கள், ஜாக்கிரதை! தேன்மெழுகு என்று கேட்டு வாங்குங்கள். அதில் 5 கிராமைத் துருவி, 10 கிராம் சாதாரணத் தேங்காய் எண்ணெயுடன் கிண்ணத்திலிட்டு, கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்குங்கள். மதுரை வெயிலுக்கு 7 கிராம் மெழுகு போட்டால்தான் கைப்பையில் உருகாது. இறக்கிய பிறகே 10 கிராம் மல்லிகை எண்ணெயைக் கலக்கி, உலர்ந்த சிமிழ்களில் ஊற்றுங்கள். கட்டி தட்டினால் மீண்டும் சற்று வெந்நீர் மேல் காட்டுங்கள்.

முதலில் மணிக்கட்டில் தடவிப் பாருங்கள். அரித்தால் உதட்டுக்கு வேண்டாம். இரண்டு மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். சிக்கு வாடை வந்தால் எறிந்துவிடுங்கள். இரண்டு வாரமாகியும் வெடிப்பு ஆறாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

தொட்டியில் பூக்கவில்லையா? கவலை வேண்டாம். பூவில்லாமலே செய்யுங்கள். உதட்டுக்கு இதம் எண்ணெயும் மெழுகும், மல்லிகை மனசுக்குத்தான்!