பூகோள சாஸ்திரத்தின் பிரிவுகளும் கிராமத்தின் காரியமும்

பூகோள சாஸ்திரம் என்றவுடன், நாடுகளின் தலைநகரங்களையும் நதிகளின் பெயர்களையும் பிள்ளைகள் நெட்டுருப் பண்ணும் பாடம் என்றே பலர் எண்ணுகின்றனர். அந்த எண்ணம் சரியன்று. ஒரு பொருள் ஓரிடத்தில் ஏன் இருக்கிறது, அதனால் அவ்விடத்து ஜனங்களின் வாழ்வு எவ்வாறு அமைகிறது என்று ஆராய்வதே அச்சாஸ்திரத்தின் வேலை. கிணறு வெட்டக் கடன் கேட்கும் விவசாயிக்கும், கடன் கொடுக்கும் சங்கத்திற்கும் இக்கேள்வி மிக நெருங்கியது. இந்த சாஸ்திரத்தின் பிரிவுகளைக் கொங்கு நாட்டின் நொய்யல் பள்ளத்தாக்கை உதாரணமாகக் கொண்டு அறியலாம்.

1. இயற்கைப் பூகோளம்

நிலம், சீதோஷ்ணம், மண், நீர் ஆகியவற்றை ஆராய்வது இப்பிரிவு. நில அமைப்பை எடுத்துக்கொண்டால், மேற்குத் தொடர்ச்சி மலை கொங்கு நாட்டிற்கு மேற்கே சுவர் போல நிற்கிறது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே பாலக்காட்டில் மட்டும் சுமார் 20 மைல் அகலமுள்ள கணவாய் ஒன்று உண்டு.

சீதோஷ்ணத்தை நிர்ணயிப்பதும் இம்மலையே. ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையில் பெரும்பகுதியை மலைகளிலேயே பெய்துவிடுகிறது. வால்பாறையில் வருஷத்திற்கு 100 அங்குலத்திற்கு மேல் மழை பெய்ய, கோயமுத்தூர் நகரில் சுமார் 25 அங்குலமே பெய்கிறது. ஆகையால் சமவெளி விவசாயிகள் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையையே பெரிதும் எதிர்பார்க்கின்றனர்.

மண்ணில் கரிசல் ஈரத்தை நெடுநாள் காத்துப் பருத்திக்கு உதவுகிறது. செம்மண் நீரை விரைவில் வடித்துவிடுகிறது.

நீரைப் பற்றிய பிரிவு சங்கத்தார் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. இப்பிரதேசத்தின் அடியில் இருப்பது கடினமான பாறை. மேலே உளுத்துப்போன பாறையிலும், கீழே உள்ள வெடிப்புகளிலும் மட்டுமே நீர் தங்கும். அத்தகைய வெடிப்பு ஒன்று பல காடு தோட்டங்களின் அடியில் தொடர்ந்து செல்லலாம். ஒருவர் தம் கிணற்றை ஆழப்படுத்தினால், அண்டைக் கிணற்றின் நீர்மட்டம் இறங்கக்கூடும். அடுத்தடுத்த இரு கிணறுகளுக்குக் கடன் வழங்கிய சங்கம், ஒரே நீரை நம்பி இருமுறை கடன் வழங்கியதாக முடியும். கிணறு வறண்டால் தவணையும் நின்றுபோம். அப்பொழுது ஜாமீன்தாரும் துன்பத்துக்குள்ளாவார்.

2. மானிடப் பூகோளம்

ஜனத்தொகை, குடியிருப்பு, தொழில், வியாபாரம், அரசியல் எல்லைகள் ஆகியவை இப்பிரிவில் அடங்கும். மேற்கூறிய கணவாயின் வழியாகவே பூர்வகாலத்தில் மேலைக் கடற்கரைக்கும் கரூருக்கும் வர்த்தகம் நடந்தது. நொய்யற்கரையிலுள்ள கொடுமணலில் பழைய மணித் தொழிலின் சின்னங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. இது சரித்திரப் பூகோளம். கோயமுத்தூரில் 1888-ம் வருஷத்தில் நூற்பாலை தோன்றியதையும், 1932-ல் பைக்காரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகியதையும் விளக்குவது பொருளாதாரப் பூகோளம். கரிசலின் பருத்தி, நூல் எளிதில் அறாதபடி காக்கும் கணவாயின் ஈரக்காற்று, மலை அருவியின் மின்சாரம் ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கூடியமையால் அத்தொழில் செழித்தது.

3. படவரைவு

அளந்து படமாக வரையாவிடில் மற்றப் பிரிவுகள் சிறவா. இந்தியாவின் பெரிய முக்கோண சர்வேக்குரிய ஆதார ரேகையை லாம்டன் என்பவர் 1802-ல் சென்னைப் பரங்கிமலை அருகில் அளந்தார். இன்று ஆகாயத்திற்கு அப்பால் சுற்றும் செயற்கைக்கோள்களும் நிலத்தைப் படம் பிடிக்கின்றன.

4. பிரதேசப் பூகோளம்

ஒரு நாட்டைப் பற்றி எல்லாப் பிரிவுகளும் கூறுவதை ஒன்றுசேர்த்துப் பார்ப்பது இது. இதை அலட்சியம் செய்வதால் விளையும் நஷ்டத்திற்கு நொய்யலே சாட்சி. பாசனத்திற்காக 1992-ல் ஒரத்துப்பாளையத்தில் அந்நதியின் குறுக்கே அணை கட்டி முடிக்கப்பட்டது. ஆனால் ஆற்றின் மேற்பகுதியில், திருப்பூரில் சாயத் தொழில் பெருகிக்கொண்டிருந்தது. சாயக் கழிவின் உப்பு அணையில் தேங்கி, கீழ்ப்பகுதியின் நிலங்களையும் கிணறுகளையும் கெடுத்தது. கழிவுநீரை முற்றிலும் சுத்திகரித்து மறுபடி உபயோகிக்காத சாயச்சாலைகளை மூடும்படி 2011-ம் வருஷம் ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அணை நீரைப் பற்றியது, சாயச்சாலை தொழிலைப் பற்றியது என்று பிரித்தெண்ணலாம். ஆறோ இரண்டையும் ஒன்றாகவே சுமந்து சென்றது.

ஆதலால் ஒவ்வொரு சங்கமும் தன் காரியாலயத்தில் கிராமப் படமொன்றை மாட்டி வைத்தல் நலம். மண்ணின் வகை, ஒவ்வொரு கிணற்றின் ஆழம், சித்திரை மாதத்தில் நிற்கும் நீர்மட்டம், ஏரிக்கு நீர் வரும் வாய்க்கால் ஆகியவற்றை அதில் குறித்து, வருஷந்தோறும் திருத்தி வரவேண்டும். கிணற்றுக் கடன் மனு வரும்போது பஞ்சாயத்தார் ஜாமீனை விசாரிப்பதற்கு முன் அப்படத்தைப் பார்ப்பாராயின், வறண்ட கிணற்றின் கடனை வசூலிக்க அலையும் சிரமம் பெரிதும் குறையும்.