முனையத் திரையும் தமிழ் எழுத்தும்
புத்தளக் கரையோர ஊர்ப்பெயர்களை முன்வைத்து ஒரு விளக்கம்

கணினியிலே தமிழைக் கையாளுதல் பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகள் பெரும்பாலும் எழுத்துருவைப் பற்றியும் விசைப்பலகையைப் பற்றியும் பேசுவதோடு அமைந்துவிடுகின்றன. விசையை அழுத்திய பின்னர் நிகழ்வது யாது, எழுத்து எங்கே வைக்கப்படுகின்றது, திரையில் எவ்வாறு வரையப்படுகின்றது, திருத்தும்போது இயந்திரம் எதனை எழுத்தெனக் கொள்கின்றது என்னும் வினாக்கள் பொறியியலாளருக்கு உரியனவென்று ஒதுக்கப்படுகின்றன. அவ்வாறு ஒதுக்குதல் பொருந்தாது என்பது எமது கருத்து. எழுத்து என்றால் என்ன என்பது இலக்கணிகள் ஈராயிரம் ஆண்டுகளாக ஆராய்ந்துவந்த வினா. அதற்கு இன்று இயந்திரமும் ஒரு விடை கூறுகின்றது. அவ்விடை எப்போதும் சரியாக இருப்பதில்லை.

இதனை விளக்குவதற்கு மிக எளிய கருவியொன்றைத் தேர்ந்துகொள்வோம். அது முனையத்தில் இயங்கும் உரைத்தொகுப்பி. படங்களும் பொத்தான்களும் இல்லாத வெறும் எழுத்துத் திரையில் உரையைத் திறந்து, திருத்தி, சேமிக்க உதவும் நிரல் அது. எடுத்துக்காட்டுகளைப் புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்திலிருந்து பெறுகின்றோம். இத்தேர்வுக்குக் காரணம் உண்டு. கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி (1807–1860) இலங்கை ஊர்களைப் பற்றிய கசற்றியரை 1834இல் ஆங்கிலத்திலே வெளியிட்டவர். அவர் பிறந்த கரையில் அவருக்குப் பின்னர் மொழி நிலைமை பெரிதும் மாறிவிட்டது. உடப்பிலே தமிழ் நிலைத்திருக்கின்றது. சிலாபத்துக்குத் தெற்கே நீர்கொழும்பு வரையுள்ள கத்தோலிக்க மீனவர் கிராமங்களிற் பல, பள்ளிக்கூட மொழி சிங்களமானதைத் தொடர்ந்து, 20ஆம் நூற்றாண்டிலே வீட்டு மொழியையும் மாற்றிக்கொண்டன. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களிற் பெருந்தொகையினர் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் குடியேறினர். இத்தகைய ஒரு கரையில் ஊர்ப்பெயர்களையும் தொழிற்சொற்களையும் மனிதர் பெயர்களையும் பிழையின்றிப் பதிந்து வைத்தல் வெறும் எழுதுவினைஞர் வேலையன்று. அதற்கு வெற்றுரைக் கோப்பு மிகப் பொருத்தமானது. எந்த நிறுவனத்தின் மென்பொருளையும் சாராது எந்த இயந்திரத்திலும் அதனைத் திறக்கலாம். பழைய, மலிவான கணினியும் போதும்.

முனையம் என்பது முதலில் ஒரு தனிக்கருவி. கண்ணாடித் திரையும் விசைப்பலகையும் கொண்ட அது, கம்பி வழியாகத் தொலைவிலுள்ள கணினியோடு இணைக்கப்பட்டிருந்தது. 1976இல் வந்த ஏ.டி.எம். 3ஏ, 1978இல் டிஜிட்டல் நிறுவனம் வெளியிட்ட வி.டி. 100 ஆகியன புகழ்பெற்றவை. 80 நிரல், 24 நிரை என்பதே வழக்கமான திரை அளவு. அதாவது 1920 கட்டங்கள். ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. இக்கட்டமைப்பு ஆங்கிலத் தட்டச்சுப் பொறியின் வாரிசு என்பதை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். கருவி மறைந்து வெகுகாலமாயிற்று. ஆயினும் இன்றைய கணினிகளில் ‘முனையம்’ என்னும் பெயரோடு இயங்கும் சாளரம் அப்பழைய கருவியையே நடிக்கின்றது.

கணினி இத்திரைக்கு எழுத்துக்களை அனுப்புவதோடு கட்டளைகளையும் அனுப்புகின்றது. எஸ்கேப் என்னும் குறியோடு தொடங்கும் தொடர்கள் அவை. அவற்றுள் ஒன்று திரையைத் துடைக்கும். மற்றொன்று நிலைக்காட்டியை இத்தனையாம் நிரைக்கும் இத்தனையாம் நிரலுக்கும் நகர்த்தும். பிறிதொன்று நிரையின் எஞ்சிய பகுதியை அழிக்கும். திரை தானாக எதனையும் அறியாது. அதில் தெரிவது உரையன்று, உரையின் நிழலே.

உரை இருப்பது நினைவகத்தில். தொகுப்பி அதனோடு சேர்த்துச் சில செய்திகளை ஓயாது நினைவில் வைத்திருக்கின்றது: நிலைக்காட்டி உரையின் எவ்வரியில், எத்தனையாம் எழுத்தில் நிற்கின்றது, பெருங்கோப்பின் எப்பகுதி இப்போது திரைச் சாளரத்துக்குள் வந்துள்ளது, இறுதியாகச் சேமித்த பின்னர் மாற்றம் நிகழ்ந்ததா, பயனர் உரையை எழுதுகின்றாரா, கட்டளை இடுகின்றாரா. இவை யாவற்றையும் சேர்த்துத் திருத்துநிலை எனலாம். விசையொன்று அழுத்தப்பட்டதும் முதலில் இந்நிலை மாறுகின்றது. அதன் பின்னரே மாறிய நிலைக்கேற்பத் திரை வரையப்படுகின்றது. இவ்வொழுங்கைத் தலைகீழாக்கி, திரையை முதலில் மாற்றிவிட்டு உரையைப் பின்னர் சரிசெய்ய முனையும் நிரலில், காண்பதும் இருப்பதும் விரைவிலேயே வேறுபட்டுவிடும்.

எழுதும் நிலை, கட்டளை நிலை என்ற பிரிவு பில் ஜோய் 1976 அளவில் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் எழுதிய வி.ஐ. தொகுப்பியாற் பரவலாயிற்று. அதில் ஒரே விசை ஒரு நிலையில் எழுத்தாகவும் மறுநிலையிற் கட்டளையாகவும் பொருள்படும். தமிழில் எழுதுவோருக்கு இங்கே ஓர் இரட்டைத் தொல்லை. விசைப்பலகை தமிழில் இருக்கின்றதா ஆங்கிலத்தில் இருக்கின்றதா என்பது தொகுப்பி அறியாத வேறொரு நிலை. தமிழ் விசைப்பலகையை மாற்றாது கட்டளை நிலைக்குச் சென்றவர் அழிக்கும் கட்டளையை அழுத்தினால், தொகுப்பியிடம் போய்ச் சேர்வது அதற்கு விளங்காத ஒரு தமிழ்க்குறி. தமிழ் பயிலும் மாணவர் பலர் இவ்வகைத் தொகுப்பியை முதல் நாளிலேயே கைவிடுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

திரையை வரைவதில் சிக்கனம் ஏன் பெரும் பிரச்சினையாயிற்று என்பதை ஒரு சிறு கணக்காற் காணலாம். வினாடிக்கு 300 பிற்று அனுப்பும் தொலைபேசி இணைப்பில், ஓர் எழுத்துக்குப் பத்துப் பிற்றாக, வினாடிக்கு 30 எழுத்துக்கள் செல்லும். 1920 கட்டங்களையும் நிரப்ப 64 வினாடி வேண்டும். ஓரெழுத்தைத் திருத்தியதற்காக ஒரு நிமிடம் காத்திருக்க எவராலும் இயலாது. எனவே முன்பு வரைந்த திரை எது, இனி வரையவேண்டிய திரை எது என இரு படிகளையும் ஒப்பிட்டு, வேறுபட்ட இடங்களை மட்டும் அனுப்பும் முறைகள் தோன்றின. ஜேம்ஸ் கொஸ்லிங் 1981இல் தமது ஈமாக்ஸ் தொகுப்பிக்காக விவரித்த மறுவரைவு முறை, ஒரு சொற்றொடரை மற்றொன்றாக மிகக் குறைந்த மாற்றங்களுடன் மாற்றும் கணிதப் பிரச்சினையாகவே இதனைக் கண்டது. இன்று இணைப்பு விரைவானது. இத்தாலியரான சல்வதோரே சன்பிலிப்போ 2016இல் ஏறத்தாழ ஆயிரம் வரிகளில் எழுதிய கிலோ என்னும் சிறு தொகுப்பி, ஒவ்வொரு விசைக்கும் முழுத்திரையையும் புதிதாக வரைகின்றது. திரை மினுங்காதிருக்க நிலைக்காட்டியை மறைத்து, முழு வரைவையும் ஒரே பொதியாகச் சேர்த்து, ஒரே தடவையில் அனுப்புகின்றது.

இச்சிறு தொகுப்பியில் எமது ஆய்வுக்கு இன்றியமையாத ஒன்று உண்டு. ஒவ்வொரு வரியையும் அது இரு வடிவங்களில் வைத்திருக்கின்றது: சேமித்த வரி ஒன்று, காட்டும் வரி மற்றொன்று. தாவற்குறி கோப்பில் ஒரு குறியாயினும் திரையிற் பல கட்டங்களைப் பிடிக்கும் என்பதனாலேயே இந்த ஏற்பாடு. ஆகவே உரையில் எத்தனையாவது என்பதும் திரையில் எத்தனையாவது என்பதும் ஒன்றல்ல என்று ஆங்கிலத்துக்காக எழுதப்பட்ட தொகுப்பியே ஒப்புக்கொண்டுவிட்டது. தமிழுக்கு வேண்டியது இவ்வொப்புதலை முழு எழுத்துமுறைக்கும் விரிப்பதேயாகும்.

‘புத்தளம்’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். தமிழ் கற்ற சிறுவன் இதில் ஐந்தெழுத்து என்பான்: பு, த், த, ள, ம். ஒருங்குறி முறையில் உகரக் குறியும் புள்ளிகளும் தனித்தனிக் குறிகளாதலால் மொத்தம் 8 குறிகள். இன்று பெருவழக்கிலுள்ள யு.டி.எவ். 8 முறையில் ஒவ்வொரு தமிழ்க்குறிக்கும் 3 பைட்டு வீதம் 24 பைட்டுகள். ‘கற்பிட்டி’யும் ஐந்தெழுத்தே, ஆயின் 9 குறிகள், 27 பைட்டுகள். ஒரு பெயருக்கு 20 பைட்டுப் போதுமென யாரோ முடிவுசெய்த பட்டியலில் ‘புத்தளம்’ எழுதப்பட்டால், ‘புத்தள’ என்பது வரை 18 பைட்டில் அடங்கும். அடுத்து மகரத்தின் மூன்று பைட்டுகளில் இரண்டு மட்டும் எஞ்சி, பொருளற்ற சிதைவாக நிற்கும். அது ஊர்ப்பெயராக இருந்தால் ஊகித்துக்கொள்ளலாம். இடம்பெயர்ந்த ஒருவரின் பெயராக இருந்தால், அவர் அலுவலகங்கள் தோறும் அலையவேண்டி நேரும்.

திரைக்கட்டங்களின் கணக்கு இன்னும் விசித்திரமானது. ஒரு குறி எத்தனை கட்டம் பிடிக்கும் என்பதைத் தொகுப்பிகளும் முனையங்களும் பொதுவாக ஓர் அட்டவணையிலிருந்து அறிகின்றன. அவ்வட்டவணைகளுட் பரவலானவை ஒருங்குறியின் வகைப்பாட்டைப் பின்பற்றுவன. துணைக்குறிகளை இடம்பிடிப்பன, இடம்பிடியாதன என ஒருங்குறி பிரிக்கின்றது. தமிழிற் புள்ளியும் ஈகாரக் குறியும் இடம்பிடியாதன. இகரம், உகரம், ஊகாரம் உள்ளிட்ட ஏனைய உயிர்க்குறிகள் இடம்பிடிப்பன. விளைவைப் பாருங்கள். ‘மீன்’ என்பதற்கு இரண்டு கட்டங்கள். ‘மின்’ என்பதற்கு மூன்று. நெடிலைவிடக் குறில் அகன்று நிற்கின்றது! மாத்திரைக் கணக்கறிந்த எவருக்கும் இது நகைப்பையே தரும். ‘பு’ என்பது மெய்யோடு கலந்த ஒரே வடிவமாயினும் அதற்கும் இரண்டு கட்டங்கள் ஒதுக்கப்படுகின்றன. ‘புத்தளம்’ இக்கணக்கின்படி 6 கட்டங்கள். எழுத்துமன்று, குறியுமன்று, மூன்றாவதொரு எண்.

தொகுப்பி ஓர் அட்டவணையையும் முனையம் வேறோர் அட்டவணையையும் பின்பற்றினால் குழப்பம் முற்றுகின்றது. நிலைக்காட்டி ‘ட்’டின் மேல் நிற்பதாகத் தொகுப்பி எண்ணும், திரையில் அது ‘டி’யின் மேல் நிற்கும். பயனர் காண்பதை நம்பி அழிப்பார். அழிவது பக்கத்து எழுத்து. கோப்பைச் சேமித்து மூடிய பின்னர், மறுநாள் திறக்கும்போதுதான் சேதம் தெரியவரும். எமது நோக்கில் இதுவே இவ்விடயத்தின் உயிர்நிலை. அழகற்ற திரையைப் பொறுத்துக்கொள்ளலாம். பொய் கூறும் திரையைப் பொறுத்துக்கொள்ள இயலாது.

‘நுரைச்சோலை’ மற்றொரு சிக்கலைக் காட்டுகின்றது. இதிலுள்ள ஓகாரக் குறி, மெய்யின் இருபுறமும் வரையப்படுவது. அதனை ஒரே குறியாகவும் சேமிக்கலாம். ஏகாரக் குறி, ஆகாரக் குறி என இரண்டாகவும் சேமிக்கலாம். இரண்டும் சமமானவை என்று ஒருங்குறி விதிக்கின்றது. முதல் முறையிற் சொல் 10 குறிகள், இரண்டாவதில் 11. கண்ணுக்கு வேறுபாடில்லை. ஆனால் இவற்றைச் சீர்ப்படுத்தாத தொகுப்பியில், ஒரு முறையில் எழுதிய ஊரை மறுமுறையில் தேடினால் ‘இல்லை’ என்ற விடையே வரும். சொற்களஞ்சியம் தொகுப்போர் ஒரே சொல்லை இருமுறை பதிந்துவிடும் அபாயம் இங்குண்டு.

மாற்றவேண்டியது திருத்துநிலையின் அலகை. நிலைக்காட்டியின் இடத்தைப் பைட்டாலோ குறியாலோ எண்ணாது, மெய்யும் அதன் துணைக்குறியும் சேர்ந்த முழு எழுத்தால் எண்ணுதல் வேண்டும். புள்ளியை மெய்யின் தனியியல்பாகக் கொண்ட தொல்காப்பியர் காலத்திலிருந்து தமிழ் எண்ணிவந்த முறை இதுவே. அம்புக்குறி விசை மகரத்துக்கும் அதன் புள்ளிக்கும் இடையே ஒருபோதும் நிற்கலாகாது. நீண்ட வரியைப் பக்கவாட்டில் நகர்த்தும்போது சாளரத்தின் இடது விளிம்பு உயிர்க்குறியில் தொடங்கலாகாது; தொடங்கினால் அனாதையான அக்குறி பெரும்பாலும் புள்ளி வட்டமொன்றைச் சுமந்துகொண்டு தோன்றும். பின்னழிப்பு விசையைப் பற்றி மட்டும் எமக்கு வேறு கருத்து. ‘ம்’ என்பதை மகரமும் புள்ளியுமாக இரு தடவையில் தட்டியவர், பின்னழிக்கும்போது புள்ளி மட்டும் நீங்குவதையே எதிர்பார்ப்பார். முன்னோக்கி அழிக்கும் விசை முழு எழுத்தையும் நீக்கலாம். பல மென்பொருள்கள் இவ்வாறே செய்கின்றன, அது முரண்பாடன்று.

கட்டங்களின் கணக்கை முனையத்திடமே கேட்டறியவும் வழியுண்டு. நிலைக்காட்டி இப்போது எங்குள்ளது என வினவும் கட்டளைக்கு முனையம் நிரையையும் நிரலையும் விடையாக அனுப்பும். தொகுப்பி தொடங்கும்போது ‘மின்’ என்பதை ஒரு மூலையில் வரைந்து, இடத்தை வினவி, பின்னர் அழித்துவிட்டால், அம்முனையம் எந்தக் கணக்கைப் பின்பற்றுகின்றது என்பது வெளிப்பட்டுவிடும்.

இக்கரையோரத்தின் ஏனைய எழுத்துக்களை இங்கே விரித்துரைக்க இடமில்லை. சிங்களத்திற் கூட்டெழுத்தை ஆக்குவதற்குக் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்குறியொன்று இடையிலே வைக்கப்படுகின்றது. நிலைக்காட்டி அதன்மேல் நின்றால் பயனருக்கு எதுவும் விளங்காது. இலங்கை முஸ்லிம்களின் பழைய நூல்மரபில் இடம்பெற்ற அரபுத்தமிழோ வலமிருந்து இடமாகச் செல்வது. சேமித்த ஒழுங்கும் காட்டும் ஒழுங்கும் அங்கே நேரெதிராகின்றன. ஊர்ப்பெயரொன்றைத் தமிழிலும் சிங்களத்திலும் அரபுத்தமிழிலும் ஒரே வரியில் எழுத விரும்பும் ஆய்வாளருக்கு, ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்ற விதி எங்கேயும் பொருந்தாது.

தொகுப்பியொன்றைத் தேர்ந்தெடுக்க முற்படுவோர் நீண்ட சோதனை எதுவும் செய்யவேண்டியதில்லை. மீன், மின், கற்பிட்டி, நுரைச்சோலை என நான்கு சொற்களை நான்கு வரிகளில் எழுதி, ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் நின்று வல அம்புக்குறியை அழுத்தி எண்ணுக. முதலிரு வரிகளும் இரண்டு அழுத்தத்திலும் பிந்திய இரண்டும் ஐந்து அழுத்தத்திலும் முடிதல் வேண்டும். பின்னர் மூன்றாம் வரியின் நடுவே ஓர் எழுத்தை முன்னோக்கி அழித்து, சேமித்து, மூடி, மீண்டும் திறந்து பார்க்க.