உப்புக் காட்டில் ஒரு கூடாரம்

பழனிக்குப் போகிறோம், குருவாயூருக்குப் போகிறோம் என்றால் திருப்பூரில் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். கட்ச் பாலைவனத்துக்குக் காரிலேயே போகிறோம் என்றால் கேட்காமல் விடுவார்களா? அதிலும் எழுபத்து நாலு வயதுப் பாட்டி, பனியன் கம்பெனி நடத்தும் மாமா, அத்தை, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருவர், பத்திரிகையில் எழுதும் நான் என்று ஆறு பேர்! "ஏனுங்க, துணி பார்க்கோணும்னா காதர்பேட்டை பத்தாதுங்களா?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

அரையாண்டு விடுமுறையும் மார்கழிப் பௌர்ணமியும் ஒட்டி வந்ததால் புறப்பட்டுவிட்டோம். பெங்களூர், புனா, மும்பை, அகமதாபாத் வழியாக 2,000 கிலோமீட்டருக்கும் மேல். நாலு நாள் பிரயாணம். புஜ் நகரத்திலிருந்து தோர்டோ கிராமம் சுமார் 80 கிலோமீட்டர். எல்லைப் பிரதேசமாகையால் அடையாள அட்டை காட்டி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். வழியில் பிரண்டியாரா என்ற ஊரில் பால்கோவா பிரசித்தம். அதையும் வாங்கிக்கொண்டோம்.

குளிர்காலந்தோறும் தோர்டோவில் குஜராத் அரசின் ரண் உத்சவம் நடக்கிறது. 2023-ல் உலகின் சிறந்த சுற்றுலாக் கிராமங்களில் ஒன்றாக ஐ.நா. சுற்றுலா அமைப்பு தேர்ந்தெடுத்த ஊர் இது. வரிசை வரிசையாகக் கூடாரங்கள். உள்ளே கட்டில், மெத்தை, குளியலறை எல்லாம் உண்டு. ராத்திரிக் குளிருக்கு மட்டும் கம்பளி அவசியம்.

இந்தப் பாலைவனத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை உப்புத்தான். மழைக்காலத்தில் நீர் பரவி நிற்கும். அது வற்றியதும் நிலம் வெளுத்துப்போகிறது. பௌர்ணமி நிலவு எழும்பியபோது சின்னவன் பாட்டியின் கையைப் பிடித்து இழுத்தான்: "ஆத்தா, ஊரெல்லாம் கோலமாவு கொட்டியிருக்காங்க பாருங்க!" இரவு மேடையில் பாட்டும் கும்மி போன்ற கர்பா நடனமும் நடந்தன. சாப்பாட்டில் கம்பு ரொட்டி, வெண்ணெய், வெல்லம், மோர் கிடைத்தன. "இத்தனை தூரம் வந்து நம்மூட்டுச் சோத்தையே திங்கறோமே!" என்று பாட்டிக்கு ஒரே சந்தோஷம்.

ஆட்டம் பாட்டத்தைவிட மாமாவைக் கட்டிப்போட்டது துணிக் கடைதான். அஜ்ரக் என்ற அச்சுத் துணியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அச்சு! அடுத்த நாளே புஜுக்குப் பக்கத்திலுள்ள அஜ்ரக்பூருக்குக் காரைத் திருப்பினோம்.

அங்கே சாயப் பட்டறை நம் சமையலறை மாதிரியே இருக்கிறது. துணியை முதலில் கடுக்காயில் ஊற வைக்கிறார்கள். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் புளிக்க வைத்தால் கறுப்பு. படிகாரம் அச்சிட்ட இடத்தில் மஞ்சிட்டி வேர் சிவப்பைத் தருகிறது. சுண்ணாம்பும் பிசினும் பூசிய இடத்தில் நிறம் ஏறாது. அவுரித் தொட்டியில் முக்கினால் நீலம். ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவே அலசல், காயப்போடல், மறுபடி அலசல்.

பாட்டி கேட்டது ஒரே கேள்வி: "இந்த வறண்ட காட்டில தண்ணிக்கு எங்கே போறாங்க?"

அந்தக் கேள்வியில்தான் அந்த ஊரின் கதையே இருக்கிறது. இந்தக் கத்ரி குடும்பங்கள் முன்பு தமட்கா கிராமத்தில் இருந்தன. அங்கே ஆறு வற்றியது. கிணற்று நீரை நம்பினார்கள். 2001 ஜனவரி 26-ல் வந்த பூகம்பத்துக்குப் பிறகு அந்த நீரிலும் இரும்புச் சத்து ஏறிவிட்டது. இரும்பு கலந்தால் சிவப்பும் நீலமும் மங்கிக் கறுக்கும். ஆகவே நல்ல தண்ணீர் தேடிப் பல குடும்பங்கள் இடம் பெயர்ந்தன. அப்படிப் பிறந்த ஊர்தான் அஜ்ரக்பூர்.

மாமா பேசாமல் நின்றார். அவர் மனம் நொய்யலுக்குப் போயிருக்க வேண்டும். அங்கே தண்ணீர் சாயத்தைக் கெடுத்தது. நம் ஊரிலோ சாயம் தண்ணீரைக் கெடுத்தது. சாயக் கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே இருந்த விவசாயிகளின் நிலம் பாழானது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீரை ஆற்றில் விடாமல் சுத்திகரித்துத் திரும்ப உபயோகிக்க வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில்தான் அவை மீண்டும் திறந்தன.

"நொய்யல்ல நாங்க குளிச்சிருக்கோம், கண்ணு" என்றாள் பாட்டி, பெரியவளிடம். அந்தப் பெண்ணுக்கு நொய்யல் என்றால் பாலத்தின் மேல் மூக்கைப் பொத்திக்கொள்ளும் இடம். அவள் நம்பாமல் அப்பாவைப் பார்த்தாள். மாமா, "வாஸ்தவந்தான்" என்றார்.

அத்தை ஒரு துப்பட்டா எடுத்தாள். கறிவேப்பிலைக்குக்கூடப் பேரம் பேசும் பாட்டி சொன்ன விலைக்கே பணத்தை எண்ணிக் கொடுக்கச் சொன்னாள். எங்களுக்கெல்லாம் ஆச்சரியம்.

"இத்தனை வாட்டி அலசியிருக்காங்களே! அந்தத் தண்ணிக்கு ஆரு வெல போடறது?" என்றாள்.