வாழைப்பழத்திற்குள் ஒரு நூல்

‘நூல்’ என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. ஒன்று தைக்கும் நூல். மற்றொன்று கற்கும் நூல். இவ்விரு பொருளுக்கும் ஒருசேரப் பொருந்தும் ஒன்று, உயிரினங்களின் உள்ளே இருக்கிறது. அதுவே டி.என்.ஏ. எனப்படும் மரபுப்பொருள். வடிவத்தில் அது மெல்லிய இழை. பணியிலோ, ஓர் உயிர் எவ்வாறு வளர வேண்டும் என்பதைக் குறித்து வைத்திருக்கும் ஏடு.

நம் இடைநிலைப்பள்ளி மாணவர்கள் இதனை முறுக்கிய ஏணி போன்றதொரு படமாகவே பாடநூலில் காண்கிறார்கள். படத்தை மனனம் செய்கிறார்கள், தேர்வில் வரைகிறார்கள், பிறகு மறந்து விடுகிறார்கள். அறிவியல் என்றாலே அஞ்சி, நான்காம் படிவத்தில் அப்பாடங்களை விட்டு விலகும் பிள்ளைகள் பலரை ஆசிரியன் என்ற முறையில் நான் கண்டதுண்டு. கண்ணால் காணாத ஒன்றின் மீது பற்று எவ்வாறு பிறக்கும்? ஆகவேதான், பழத்திலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கும் எளிய சோதனையை மாணவர்களைக் கொண்டே செய்வித்து வருகிறேன். இதற்கு ஆகும் செலவு ஒரு சில வெள்ளிகளே.

நன்கு பழுத்த வாழைப்பழத்தில் பாதியை ஒரு பிளாஸ்டிக் பையில் இட்டு, அரைக் குவளை நீர் சேர்த்துக் கையால் பிசைய வேண்டும். ராஸ்தாளியோ பீசாங் மாஸோ, எதுவாயினும் சரி. பிசைவதால் பழத்தின் உயிரணுக்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து, அவற்றின் சுவர்கள் உடைகின்றன.

அடுத்து, பாத்திரம் கழுவும் சோப்புநீர் இரு தேக்கரண்டியும் உப்பு ஒரு தேக்கரண்டியும் சேர்த்து, நுரை பொங்காமல் மெதுவாகக் கலக்க வேண்டும். உயிரணுவையும் அதன் உட்கருவையும் மூடியிருக்கும் சவ்வுகள் கொழுப்பால் ஆனவை. குழம்புச் சட்டியின் எண்ணெய்ப் பிசுக்கை அகற்றும் சோப்பு, இந்தச் சவ்வுகளையும் கரைத்து விடுகிறது. உப்பின் வேலை வேறு. டி.என்.ஏ. இழைகள் எதிர்மின்னூட்டம் கொண்டவை; ஆதலால் ஒன்றையொன்று விலக்கும். உப்பிலுள்ள சோடியம் அந்த மின்னூட்டத்தைத் தணித்து, இழைகள் ஒன்றுகூட வழி செய்கிறது.

இக்கலவையைக் காப்பி வடிகட்டும் துணியில் வடித்தெடுத்து, அன்னாசிப்பழச் சாறு சில துளிகள் விடலாம். ஆட்டிறைச்சி மிருதுவாக வேகப் பப்பாளிக்காய்த் துண்டு போடும் நம் தாய்மார்களுக்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். பப்பாளியிலும் அன்னாசியிலும் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் உள்ளன. டி.என்.ஏ. புரதங்களின் மீது சுற்றப்பட்டிருப்பதால், அப்புரதம் நீங்கினால் இழை தெளிவாக வெளிப்படும்.

இறுதியாக, ஐஸ் கட்டிகளுக்கிடையே வைத்து நன்கு குளிரூட்டிய 95 விழுக்காட்டு எத்தனாலை, கண்ணாடிக் குழாயின் ஓரமாகச் சாய்த்து மெல்ல ஊற்ற வேண்டும். டி.என்.ஏ. நீரில் கரையும், எத்தனாலில் கரையாது. ஆகவே இரு நீர்மங்களும் சந்திக்கும் இடத்தில், ஐந்து பத்து நிமிடங்களில் வெண்ணிற இழைகள் திரளும். அவற்றை ஒரு குச்சியால் சுற்றி எடுக்கலாம். எத்தனால் எளிதில் தீப்பற்றும், அருந்தவும் கூடாது. எனவே ஆசிரியர் உடனிருப்பது அவசியம்.

“இது முழுவதும் டி.என்.ஏ.தானா?” என்று கேட்கும் மாணவரே நல்ல மாணவர். உண்மையில் முழுவதும் அன்று. பழக்கூழைக் கெட்டியாக்கும் பெக்டினும் சிறிது புரதமும் அதனுடன் சேர்ந்தே திரளும். தனியொரு டி.என்.ஏ. இழையின் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் ஐந்து லட்சத்தில் ஒரு பங்கே. அது கண்ணுக்குப் புலப்படாது. கப்பலைக் கட்டிய வடம் தொலைவிலிருந்து தெரியும். அதன் தனி நார் தெரியுமா? அதுபோல, எண்ணற்ற இழைகள் சேர்ந்த திரளையே நாம் காண்கிறோம். பழம் சேர்க்காத சோப்பு உப்பு நீரிலும் எத்தனாலை ஊற்றிப் பார்க்கச் சொல்வேன். அதில் இழை தோன்றாது. அப்படியாயின் இழை சோப்பிலிருந்து வரவில்லை, பழத்திலிருந்தே வந்தது என்று மாணவர் தாமே முடிவு செய்வர். கண்டதை மட்டும் எழுதும் இந்த நேர்மையே சோதனையின் முதற்பயன்.

இவ்வழியை முதலில் வகுத்தவர் சுவிட்சர்லாந்து அறிஞர் பிரெடரிக் மீஷர். 1869-ஆம் ஆண்டு ஜெர்மனியின் டூபிங்கனில், நோயாளிகளின் கட்டுத்துணிகளில் படிந்த சீழிலிருந்து இப்பொருளை அவர் பிரித்தெடுத்தார். நாம் அன்னாசிச் சாற்றைப் பயன்படுத்துவதுபோல், புரதத்தை நீக்க அவர் பன்றியின் இரைப்பை நொதியைப் பயன்படுத்தினார். அதன் முறுக்கேணி வடிவத்தை வாட்சனும் கிரிக்கும் 1953-இல் வெளியிட்டனர். ரோசலிண்ட் பிராங்ளினின் ஊடுகதிர் ஆய்வு அதற்குப் பெருந்துணையாயிற்று.

நமக்கு நெருக்கமான செய்திகளும் உண்டு. 2012-இல் வாழையின் மரபுத்தொகுதி முதன்முறையாக வெளியிடப்பட்டபோது, அதற்கு எடுத்துக்கொள்ளப்பட்ட வகையின் பெயரே ‘பகாங்’. அதில் சுமார் 36,500 மரபணுக்கள் கண்டறியப்பட்டன. நம் பினாங்கிலேயே, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் வேதி உயிரியல் மையத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ரப்பர் மரத்தின் மரபுத்தொகுதியை ஆராய்ந்து, அதன் வரைவை 2013-இல் வெளியிட்டனர். வங்காளதேசத்தில் பிறந்த மக்சுதுல் ஆலம் அப்பணியில் முன்னின்றார். அவர்கள் ஆராய்ந்தது தோட்டங்களில் பெயர் பெற்ற ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்னும் ரகமாகும்.

நம் பாட்டன்மார் விடியற்காலையில் பால்மரம் சீவினார்கள். அம்மரத்தின் உள்ளிருக்கும் நூலைப் படிக்கும் வாய்ப்பு இன்று அவர்தம் பேரப்பிள்ளைகளுக்கு வாய்த்திருக்கிறது. அந்த ஆய்வுக்கூடத்தின் வாயிலை நம் பிள்ளைகளும் மிதிக்க வேண்டுமாயின், முதற்படியை ஒரு வாழைப்பழத்தில் தொடங்கலாம். பெற்றோர்களே, அடுத்த பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு அமர்ந்து இதனைச் செய்து பாருங்கள். பள்ளிகளும் பொது அமைப்புகளும் இத்தகைய பட்டறைகளை நடத்த முன்வர வேண்டும் என்பதே என் அவா.